நாலு பேர் டீம், கடைசி ஹோலில் நாலு பேர் ஸ்கோரும் சேரும்: நான் போகலாமா?

கருங்கல்காரி | ஜூன் 12

எல்லாருக்கும் வணக்கம். நான் அயர்லாந்தில் நர்ஸ். இப்போது லீவில் வந்து கருங்கல் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறேன். கேள்வி கோல்ஃப் பற்றியது. நம் மாவட்டத்தில் பட்டாளத்துக் குடும்பங்களும் நிறைய, வெளிநாட்டு நர்சுகளும் நிறைய. யாருக்காவது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

எங்கள் வார்டு மேனேஜர் ஒரு ஐரிஷ் அம்மா. போன வருஷம் அவர்தான் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், 'கெட் இன்டு கோல்ஃப்' என்று அங்கே நடத்துகிற ஆரம்ப வகுப்பில் சேர்த்துவிட்டார். நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்து சாயங்காலம் போவேன். அங்கே கோடையில் இரவு ஒன்பதரைக்குக்கூட வெளிச்சம் இருக்கும். அப்புறம் 18 ஹோல் (குழி) வீதம் மூன்று ஸ்கோர் கார்டு கொடுத்து ஹேண்டிகேப் வாங்கினேன், அதாவது ஆட்டம் குறைந்தவருக்குக் கழித்துக் கொடுக்கிற அடிகளின் எண்ணிக்கை. எனக்கு 54. அதற்கு மேல் யாருக்கும் கொடுப்பதில்லை.

போன வாரம் மேடம் வாட்ஸாப்பில் கேட்டார். ஜூலை மூன்றாவது வாரம் பக்கத்து ஊர் கிளப்பில் பெண்களுக்கான ஓப்பன் டே, வெளியாட்களும் ஆடுகிற போட்டி. நாலு பேர் டீம். அவர் டீமில் ஒருவருக்கு முட்டு ஆபரேஷன், அந்த இடத்துக்கு நான் வர முடியுமா என்று. உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் விதியைப் படித்தேன். ஸ்டேபிள்ஃபோர்டு ஆட்டம், அதாவது அடிகளை மொத்தமாகக் கூட்டாமல் ஒவ்வொரு ஹோலுக்கும் பாயின்ட் கொடுக்கிற முறை. ஒவ்வொரு ஹோலிலும் நாலு பேரில் சிறந்த இரண்டு பேருடைய பாயின்ட் மட்டும் எடுப்பார்கள். ஆனால் பதினெட்டாவது ஹோலில் நாலு பேருடையதும் சேரும். மேடத்தின் ஹேண்டிகேப் 18. மற்ற இரண்டு பேரும் முப்பதுக்குள். என்னால் அந்தக் கடைசி ஹோலில் இவர்கள் எல்லாரும் பட்ட பாடு வீணாகிவிடுமோ என்று இருக்கிறது. நாலு நாளாக ராத்திரி மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இதையே யோசித்துக்கொண்டு கிடக்கிறேன்.

பந்தைக் குழிக்குள் உருட்டுகிற பட்டர் மட்டை ஒன்றை மட்டும் சூட்கேசில் கோணலாக வைத்து ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன். முற்றத்தில் பழகுவதைப் பார்த்து அப்பா, "குழி எவ்வளவு அகலம்?" என்று கேட்டார். 108 மில்லிமீட்டர் என்றேன். விறகுப் புரையில் கிடந்த சிரட்டைகளை எல்லாம் அள்ளிப்போட்டு டேப் வைத்து அளந்தார். ஒன்று 102, ஒன்று 115. கடைசியில் சரியாக 108 உள்ள ஒன்று கிடைத்தது. அதிலும் கண் உள்ள பாதியாகப் பார்த்து எடுத்து, கண்ணைக் குத்தித் திறந்து, விளிம்பை அரத்தால் ராவி, முற்றத்தில் மலர்த்திப் புதைத்தார். மழை பெய்தால் தண்ணீர் அந்தக் கண் வழியாக இறங்கிவிடும். மழை விட்ட நேரமெல்லாம் நான் அந்தச் சிரட்டையில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போகலாமா, இல்லை இப்போதே மேடத்திடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடலாமா? போனால், ஒரு ஹோலில் எந்த இடத்தில் நிறுத்திப் பந்தைக் கையில் எடுக்க வேண்டும்?


பள்ளியாடி | ஜூன் 12

அக்கா, எனக்கு கோல்ஃப் தெரியாது. டிவியில் பார்த்தால் சில மைதானம் கடற்கரையில் புதர் மாதிரி இருக்கிறது, சிலது தோட்டம் மாதிரி இருக்கிறது. நீங்கள் போகிறது எது? அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


கருங்கல்காரி | ஜூன் 12

தோட்டம் மாதிரி உள்ளது தம்பி, பார்க்லேண்டு என்பார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையை நினைத்துக்கொள். அடியில் மணல், மேலே குட்டையான புல், மரம் இல்லை, சதா காற்று. அந்த மாதிரி நிலத்தில் அமைந்தது லிங்க்ஸ். பந்து தரையில் பட்டால் உருண்டுகொண்டே போகும். குலசேகரம், திற்பரப்பு பக்கம் போனால் கொழுத்த மண்ணும் பெரிய மரமும் ஈரமும் இருக்கிறதே, அது பார்க்லேண்டு. விழுந்த இடத்திலேயே பந்து நின்றுவிடும். அயர்லாந்தில் கடலோரம் முதல் வகை, உள்ளே வந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகை. நாங்கள் போகிற இடத்தில் வரிசையாக பீச் மரமும் ஓக் மரமும் நிற்கும் என்று மேடம் சொன்னார்.


முட்டம் கடலோரம் | ஜூன் 13

தங்கச்சி, நானும் நர்ஸ்தான், இங்கிலாந்தில் இருக்கிறேன். உன் மனசு நோகக் கூடாது, ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். இந்தத் தடவை வேண்டாம்.

நானும் இதே மாதிரி முதல் வருஷத்திலேயே ஒரு டீம் ஓப்பனுக்குப் போனேன். மூன்றாவது ஹோலில் என் பந்து மரத்தடிக்குள் போய்விட்டது. வெட்டி வெட்டிப் பதினொன்று அடித்தேன். பின்னால் வந்த டீம் இடுப்பில் கை வைத்து நின்றது. என் டீமில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் பேசவே இல்லை. பதினைந்து ஹோல் அந்த மௌனத்தோடு நடந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் கோல்ஃப் மட்டையைத் தொடவில்லை.

'ஸ்கிராம்பிள்' என்று போட்ட நாளுக்குக் காத்திரு. அதில் நாலு பேரும் அடிப்பார்கள், நல்ல இடத்தில் விழுந்த ஒரு பந்தைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்தே மறுபடி நாலு பேரும் அடிப்பார்கள். உன் பந்து கெட்டுப்போனால் அது அத்தோடு முடிந்தது. புதிதாக ஆடுகிறவர்களுக்கு அதுதான் பொருத்தம்.


வெல்லிங்டன் டீச்சர் | ஜூன் 13

மக்களே, நீ போ.

நான் தக்கலையில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் ராணுவ அதிகாரியாக இருந்தவர். நீலகிரியில் வெல்லிங்டனில் இருந்தபோதுதான் நான் கோல்ஃப் கற்றேன். காலையில் பள்ளிக்கூடம், மத்தியானத்துக்கு மேல் ஆட்டம். மலைச்சரிவு, யூகலிப்டஸ் வாசம், மூடுபனி வந்தால் கொடி தெரியாது. முதல் ஆறு மாதம் நானும் பந்தைத் தேடியதுதான் அதிகம்.

முட்டத்துப் பிள்ளை சொன்ன வேதனையை நான் குறைத்துப் பேச மாட்டேன், அது எனக்கும் தெரியும். ஆனால் மகளே, உன்னை அங்கே நிற்க வைத்தது உன் ஆட்டம் என்று நான் நினைக்கவில்லை. எப்போது பந்தைக் கையில் எடுக்க வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பதினொன்று அடிக்க வேண்டிய தேவையே இல்லை. அதைத்தான் கருங்கல் பிள்ளை சரியாகக் கேட்டிருக்கிறாள்.

ஸ்டேபிள்ஃபோர்டு என்பது ஒரு டாக்டரின் பெயர். இங்கிலாந்தில் வாலஸி கிளப்பில் 1932-ல் அவர் இந்த முறையில் போட்டி நடத்தினார். ஒன்றிரண்டு ஹோல் கெட்டுப்போனதும் அன்றைய ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்களே, அதை மாற்றத்தான் இந்தக் கணக்கு. ஹேண்டிகேப் கழித்த பிறகு பார் (அந்த ஹோலுக்கு என்று வைத்த அடிக்கணக்கு) அடித்தால் 2 பாயின்ட், ஒன்று கூடினால் 1, ஒன்று குறைந்தால் 3. இரண்டோ அதற்கு மேலோ கூடிவிட்டால் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஆக, நீ ஒரு ஹோலில் பத்து அடித்தாலும் பதினெட்டு அடித்தாலும் டீமுக்கு ஒரே கணக்குதான்.

இப்போது உன் கணக்கைப் போடுவோம். நாலு பேரில் இரண்டு ஸ்கோர் எடுக்கிற ஆட்டத்தில் ஹேண்டிகேப்பில் 85 சதவீதம் கொடுப்பதுதான் வழக்கம். 54-ல் அது 46. சில ஓப்பன்களில் அதற்கும் கீழே உச்ச வரம்பு வைப்பார்கள், அன்றைக்குக் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள். 46 என்றே வைத்தால், கடினமான பத்து ஹோலில் உனக்கு மூன்று அடி சலுகை, மற்ற எட்டில் இரண்டு. எது கடினம் என்பதை கார்டில் ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் என்ற வரிசை சொல்லும், 1 மிகக் கடினம், 18 மிக லேசு. பார் 4, மூன்று சலுகை: ஏழில் போட்டால் 2 பாயின்ட், எட்டில் போட்டால் 1. எட்டு அடித்தும் குழியில் விழவில்லையா, சிரித்த முகத்தோடு பந்தை எடுத்துப் பையில் போடு. "நான் எடுத்துவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல். அதைக் கேட்டு அவர்கள் சந்தோஷப்படுவார்கள், என்னை நம்பு. ஒவ்வொரு டீயிலும், அதாவது முதல் அடி அடிக்கிற இடத்தில் நின்று, 'இந்த ஹோலில் எனக்கு எத்தனை வரை உண்டு' என்று மனசுக்குள் ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டு அப்புறம் அடி.

அந்த மூன்று சலுகை உள்ள ஹோல்களில் நீ ஆறில் போட்டுவிட்டால் 3 பாயின்ட். உங்கள் மேடத்துக்கு அந்த ஹோலில் ஒரே ஒரு சலுகை, அவர் 3 பாயின்ட் எடுக்க நாலில் போட வேண்டும். அது லேசில் நடக்காது. நீ இருப்பதால் டீமுக்கு லாபம் உண்டு, அவர் கணக்குத் தெரிந்துதான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

பந்து தொலைந்தால் தேட மூன்று நிமிஷம்தான். 2019-க்கு முன்னால் ஐந்து நிமிஷம் இருந்தது. நான் ஒருமுறை நேரத்தையே மறந்து தேயிலைச் செடிக்குள் தேடிக்கொண்டு நின்றுவிட்டேன், இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. மரங்கள் உள்ள மைதானம் என்கிறாய், வேருக்குப் பக்கத்தில் கிடக்கிற பந்தை அடிக்காதே. மட்டை வேரில் பட்டால் மணிக்கட்டு போய்விடும், நீ நோயாளியைத் தூக்கித் திருப்ப வேண்டிய கை. ஆட முடியாத பந்து என்று சொல்லிவிட்டு, ஒரு அடி தண்டனையை ஏற்றுக்கொண்டு, குழிக்குப் பக்கமாக நகராமல் இரண்டு மட்டை நீளத்துக்குள் முழங்கால் உயரத்தில் இருந்து பந்தைப் போட்டு ஆடு. உன் பந்தில் பெரிதாக ஒரு அடையாளம் வை. சிவப்பு மார்க்கரில் பொட்டு வைத்தால் போதும். அடுத்தவர் பந்தை அடித்தால் இரண்டு அடி தண்டனை. மருந்தில் பெயர் பார்த்துக் கொடுக்கிறவளுக்கு இது சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்தச் சிரட்டை. படித்துவிட்டு வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா செய்து கொடுத்ததைவிட நல்ல பயிற்சி உனக்கு வேறு கிடைக்காது. பார் 72 என்று ஒரு மைதானத்துக்குக் கணக்குப் போடும்போது, ஹோலுக்கு இரண்டு வீதம் 36 அடியை பட்டிங்குக்கு என்றே வைத்திருக்கிறார்கள். சரிபாதி. பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கைப் பார். மற்றவர்கள் அளவுக்கு தூரம் அடிக்கிறவர் இல்லை, பட்டிங்கை வைத்தே டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்தார். ஒரே ஒரு அடியில் வெண்கலம் போனது. அங்கே அவருடைய பையைச் சுமந்தது அவருடைய அம்மா.

ஒன்றை மட்டும் மாற்று. பெருக்கிப் பெருக்கி இறுகிய முற்றத்தில் பந்து ஓடும். குழியைச் சுற்றியுள்ள ஈரமான புல்தரையில், அதாவது கிரீனில், அப்படி ஓடாது, நீ குறைத்து அடித்துப் பழகிவிடுவாய். பழைய சாக்கு இரண்டைத் தைத்து நனைத்து சிரட்டை வரைக்கும் விரி. அதன் மேல் பந்தை உருட்டு. ஒரு முழம், இரண்டு முழம், ஒரு ஆள் நீளம். தூரத்தில் இருந்து வேண்டாம். உனக்கு வேண்டிய பாயின்ட் எல்லாம் அந்த ஆள் நீளத்துக்குள்தான் இருக்கிறது.


முட்டம் கடலோரம் | ஜூன் 14

டீச்சர், படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் ஒரு வருஷம் போயிருக்காது. தங்கச்சி, நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். போ.

போகும்போது மாற்று சாக்ஸும் இரண்டு கையுறையும் வைத்துக்கொள். ஒன்று நனைந்தால் மற்றது. கிரீனில் அடுத்தவர் பந்துக்கும் குழிக்கும் நடுவில் கால் வைத்துவிடாதே. ஸ்கோரை கிரீனில் நின்று எழுதாதே, அடுத்த டீக்குப் போய் எழுது. இது இரண்டையும் கவனித்தால் புதியவள் என்றே யாருக்கும் தோன்றாது.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் நம்மைப் போன்றவர்கள் மட்டும் வாசலில் நிற்கவில்லை. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆர் அண்ட் ஏ கிளப் பெண்களை உறுப்பினராக்க முடிவெடுத்ததே 2014-ல்தான். டப்ளின் பக்கத்தில் போர்ட்மார்னக்கில் 2021-ல். உன் மேடத்துக்கு அந்தக் காலமெல்லாம் நேரில் தெரிந்திருக்கும். அவர் உன்னைக் கூப்பிட்டதை அப்படியும் பார்.


கருங்கல்காரி | ஜூன் 14

டீச்சர், அக்கா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மா இப்போதே சாக்கைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். கடைசி ஹோல் பற்றி மட்டும் ஒரு கேள்வி. கிளப் கார்டின் படம் கிடைத்தது. அது பார் 4, இன்டெக்ஸ் 14. கிரீனுக்கு முன்னால் ஒரு குளம்.


வெல்லிங்டன் டீச்சர் | ஜூன் 14

இன்டெக்ஸ் 14 என்றால் உனக்கு இரண்டு சலுகை. ஆறில் போட்டால் 2 பாயின்ட், ஏழில் 1. குளத்தைத் தாண்டி அடிக்க ஆசைப்படாதே. குளத்துக்கு முன்னால் ஒரு சின்ன அடியில் பந்தை நிறுத்து, அப்புறம் உயரமான ஒரு அடியில் கிரீனுக்கு ஏற்று. அது ஒரு அடி கூடுதல், ஆனால் தண்ணீரில் போட்டால் பந்தும் போய் தண்டனையும் வந்து மனசும் கெடும். நாலில் கிரீன், இரண்டு பட், ஆறு. ஒன்று தவறினாலும் ஏழு இருக்கிறது. சிரட்டைக்குப் போ.


கருங்கல்காரி | ஜூலை 21

டீச்சர், போய்விட்டு வந்தேன்.

பரிசு ஒன்றும் வரவில்லை. எனக்கு ஆறு ஹோலில் ஸ்கோர் எடுத்தார்கள். ஏழாவது ஹோலில் பார் 5-ஐ ஏழில் போட்டேன், மூன்று சலுகை. மேடம் கார்டில் எழுதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், "மூன்று" என்று மட்டும் சொன்னார். ஏழு ஹோலில் பந்தைக் கையில் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொன்னேன். யாரும் காத்திருக்கவில்லை. நாலரை மணி நேரத்தில் முடித்தோம், நடுவில் இரண்டு தடவை மழை.

பதினெட்டில் நீங்கள் சொன்ன மாதிரியே குளத்துக்கு முன்னால் நிறுத்தினேன். ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு அடி மரத்தில் பட்டு வீணாகியிருந்தது, ஐந்தில்தான் கிரீன் ஏறினேன். முதல் பட் குழியைத் தாண்டி ஒன்றரை முழம் போய் நின்றது. மற்ற மூன்று பேரும் போட்டு முடித்துவிட்டு ஓரமாக நின்றார்கள். ஏழாவது அடி. இடது பக்கம் கொஞ்சம் சரிவு, எங்கள் முற்றத்தில் ஓடைப் பக்கம் சரிகிற மாதிரியே. கீழே புல் நனைந்து இருந்தது. சாக்கு என்று நினைத்துக்கொண்டேன். பந்து குழியின் விளிம்பில் கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே போனது. அந்தச் சத்தம் சிரட்டையில் விழுகிற சத்தம் இல்லை, அதைவிட ஆழமாக இருந்தது. 1 பாயின்ட். மேடம் என் தோளைப் பிடித்து அழுத்தினார். முட்டு ஆபரேஷன் ஆன அம்மா ஊன்றுகோலோடு கிளப் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால் போட்டு எல்லாம் சொன்னேன். அப்பா முழுசும் கேட்டுவிட்டு, "அங்கேயும் மழைதானே, குழிக்குள் விழுகிற தண்ணீர் எங்கே போகும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இன்று டூட்டிக்குப் போகிற வழியில் எங்கள் கிளப்பில் வண்டியை நிறுத்தி, பட்டிங் பழகுகிற கிரீனில் குழிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். அடியில் ஓட்டை வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன்.